துண்டு போட்ட இடம்

உட்காருங்கள், தாராளமாக உட்காருங்கள். ஆனால் 'இந்த இடம் காலியா?' என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், முக்கால்வாசி உலகம் அப்படித்தான் கேட்கிறது. ஆள் இல்லாத இடம் காலியான இடம் என்பது மனித குலம் நெடுங்காலமாகச் சுமந்துவரும் மூடநம்பிக்கை. பூனை குறுக்கே போவதைவிட மோசமான மூடநம்பிக்கை, ஏனென்றால் பூனையாவது உண்மையில் இருக்கிறது. காலி என்று ஒன்று எங்குமே கிடையாது. இந்த சீட்டையே பாருங்கள். போன டிரிப்பில் இருந்தவர் விட்டுப்போன கடலைத் தோல், கிழிந்த டிக்கெட், கொஞ்சம் சூடு. அந்தச் சூடு தெரிகிறதா? அவர் இறங்கிவிட்டார், அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் இறங்கவில்லை.

இது புரியாததால்தான் ஒரு கம்பெனியே மூழ்கப் பார்க்கிறது. எங்கள் கம்பெனி.

தோலைத் தட்டிவிட்டு உட்காருங்கள். தட்டாமலும் உட்காரலாம். வழக்கே அதுதான்.

பொள்ளாச்சியில் ஏறும்போது பஸ்ஸின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'உடுமலை' என்று ஓடியதே, பார்த்தீர்களா? பார்க்கவில்லையா? பரவாயில்லை, நன்றாக ஓடுகிறது. அது என் கைவேலை. கோயமுத்தூரில் எங்கள் கம்பெனி பஸ்களுக்கு எல்.இ.டி. போர்டு செய்கிறது. பெட்டி, விளக்கு, வயர் எல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். எந்த ஊரை எப்போது காட்ட வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது நான். சி என்ற மொழியில் சொல்லிக் கொடுக்கிறேன். ஒற்றை எழுத்துப் பெயர் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மிகவும் கண்ணியமான மொழி. சொன்னதைச் செய்யும். சொல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காது.

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இதை முடித்துவிடுகிறேன்.

அந்த மொழியில் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் முதலில் ஓர் இடம் பிடிக்க வேண்டும். மாறி என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். துண்டு விழுந்தது, இடம் உங்களுடையது. நீங்கள் மட்டும் இன்னும் கீழே கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் துண்டைத் தூக்கி, 'இங்கே யார் இருக்கிறார்?' என்று பார்த்தால் என்ன இருக்கும்? போன டிரிப்பின் கடலைத் தோல் இருக்கும். வேறு சில மொழிகள், துண்டு போட்டவுடன் ஓடிவந்து சீட்டைத் துடைத்துவிட்டுக் கைகட்டி நிற்கும். சி துடைக்காது. சரியாகச் சொன்னால் சில இடங்களைத் துடைக்கும், சில இடங்களைத் துடைக்காது. அந்த நுணுக்கத்துக்குள் போனால் நீங்கள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடும்.

நான் என்ன செய்தேன் என்றால், 'எந்த ஊர்' என்பதற்கு ஒரு துண்டு போட்டேன். கண்டக்டர் பட்டனை அமுக்கினால் அந்த ஊர் வந்து அங்கே உட்காரும். அமுக்காவிட்டால்? அமுக்குவார் என்று நம்பித்தான் எழுதினேன். அமுக்கவில்லை. ஆகவே பெட்டி துண்டைத் தூக்கிப் பார்த்து, அங்கே என்ன குப்பை கிடந்ததோ அதை ஊர் என்று எடுத்துக்கொண்டது. துண்டு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். துண்டுக்கு அடியில் கிடந்தது யாருடையது? யாருடையதும் இல்லை. அப்படியானால் பிழை யாருடையது? நீங்களே சொல்லுங்கள். இல்லை, பிறகு சொல்லுங்கள், கண்டக்டர் வருகிறார்.

எனக்கு டிக்கெட் வேண்டாம் ஐயா, உங்கள் முதலாளி கொடுத்த பாஸ் இருக்கிறது. கடைசி வரைக்கும்.

கேட்டீர்களா அவர் கேட்டதை? "கடைசி வரைக்குமுங்களா? ஸ்வெட்டர் கொண்டாந்தீங்களா?" என்கிறார். இந்த வெயிலில்! ஏறும்போதே இவருக்கும் எனக்கும் ஒரு சிறு உரசல். வாசலில் தொங்கிக்கொண்டு வேறு ஏதோ ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். நான் அவரை நிறுத்தி, 'மேலே பாருங்கள்' என்று போர்டைக் காட்டினேன். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அதே ஊரைக் கத்தினார். பழக்க தோஷம். வாய்க்குப் பழகிவிட்டால் கண்ணை நம்ப மாட்டார்கள்.

இந்தப் பச்சை பஸ்களின் முதலாளி பெயர் ராக்கியண்ணன். உடுமலையில் ஷெட். இவருடைய எல்லா பஸ்களுக்கும் எங்கள் போர்டுதான். எங்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய ஆர்டர். நேற்று எங்கள் முதலாளி சென்னியப்பன் ஐயாவுக்கு அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஏனுங்க, நாளைக்கு மத்தியானச் சோத்துக்குள்ள என்ற பஸ்ஸெல்லாம் ஒழுங்கா ஊர் சொல்லோணும். இல்லீன்னா போர்டையெல்லாம் கழட்டி மூட்டை கட்டி அனுப்பிப்போடுவனுங்க. பெயிண்டரைச் சொல்லி வெச்சாச்சு. தகர போர்டு போதுமுங்க எனக்கு."

போனை வைத்துவிட்டு சென்னியப்பன் ஐயா என்னையும் அமுதவல்லியையும் பார்த்தார். "ஆளுக்கொரு வைத்தியம் சொல்றீங்க. ரெண்டு பேரும் போங்க. யாரு சரி பண்றீங்களோ அவங்களுக்கு அந்த ரூமு."

அந்த ரூம் என்றால் பொறுப்பாளர் அறை. ஏ.சி. உண்டு, சுழல் நாற்காலி உண்டு. பழைய பொறுப்பாளர் போனதிலிருந்து ஆள் இல்லை. பாருங்கள், நான் காலி என்று சொல்லவில்லை. இன்று காலையில் ஆபீஸ் போய் அந்த நாற்காலியின் முதுகில் ஒரு புதுத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். வெள்ளைத் துண்டு, நீலக் கரை. அதிகாரி நாற்காலிக்குத் துண்டு இருந்தால்தான் ஒரு கம்பீரம்.

அமுதவல்லி யார் என்று கேட்க வருகிறீர்கள். அது இல்லையா? சரி. எங்கள் ஆபீஸில் போர்டுகளைச் சோதிப்பவர். நல்ல பெண்மணி, ஆனால் எதையும் நம்ப மாட்டார். ஒரு பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் போர்டைப் பார்ப்பார், பிறகு கண்டக்டரைக் கேட்பார், உள்ளே உட்கார்ந்தபின் பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். நாமே போர்டு செய்யும் கம்பெனி! எனக்கு மானம் போகிறது. அதனால்தான் ஒன்றாகப் போகலாம் என்று கூப்பிட்டும் நான் அவரோடு வரவில்லை. எனக்கு முந்தின பஸ்ஸில் கிளம்பினார். இந்நேரம் எங்கேயாவது யாரையாவது விசாரித்துக்கொண்டிருப்பார்.

முன் சீட்டு அம்மாளைப் பார்த்தீர்களா? காதை மூடி மப்ளர், மூக்கில் எலுமிச்சம்பழம். சமவெளிப் பாதையில் எதற்கு? உடுமலைக்காரர்கள் உடம்பை ரொம்பத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கூத்து ஆடி மாதம் தொடங்கியது. பழனி போக வேண்டிய பஸ் ஒருநாள் 'தாராபுரம்' என்று காட்டிக்கொண்டு போனது. இன்னொன்று எந்த ஊரும் காட்டாமல் நட்சத்திரமும் கட்டமுமாக மின்னிக்கொண்டு போனது. சினிமா ஷூட்டிங் என்று ஜனங்கள் கூடிவிட்டார்கள். உச்சக்கட்டம் என்னவென்றால், ஒரு பஸ் காலை முழுக்க 'அமுதவல்லி' என்று காட்டியது. அந்த அம்மாள் சோதனைக்காகத் தன் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார், அது பெட்டிக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. மடத்துக்குளத்தில் ஒரு பெரியவர் ஏறி, "அமுதவல்லி ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்டாராம். கண்டக்டரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்கெல்லாம் நிக்காதுங்க, எக்ஸ்பிரஸ்ஸு" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பஸ்ஸில் அன்றைக்கு நல்ல கூட்டம் என்று கேள்வி.

எங்கள் ஆபீஸில் மட்டும் போர்டு ஒருநாளும் தப்பாகக் காட்டியது கிடையாது. அங்கே சுவரில் மாட்டியிருப்பது எங்கள் முதல் போர்டு. முதன்முதலாகச் செய்த போர்டை அணைக்கக் கூடாது, அணைத்தால் தொழில் அணைந்துவிடும் என்பது சென்னியப்பன் ஐயாவின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமையிலும் எரியும். கரண்டு போனால் பாட்டரி. அணைத்தால்தானே மறுபடி தொடங்கும்? தொடங்கினால்தானே துண்டைத் தூக்கிப் பார்க்கும்? ஆகவே அங்கே எப்போதும் சரி. எந்த நிரலைப் போட்டாலும் சரி. நான் ராக்கியண்ணனைக் கூட்டிவந்து அந்தப் போர்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க இன்ஜினியர், இது செவுத்துல இருக்குதுங்க. என்ற பஸ்ஸு ரோட்டுல ஓடுதுங்க" என்றார். படிக்காத வாதம்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் வெயில் என்று நினைத்தேன். பிறகு ஹாரன் என்று நினைத்து, பாதி பஸ்களில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொன்னேன். டிரைவர்கள் அன்று என்னைப் பேசியதை இங்கே, பெண்கள் இருக்கும் இடத்தில், சொல்ல முடியாது. அப்புறம் கவனித்தால், காலையில் பக்தியாகக் கற்பூரம் காட்டிக் கிளம்பும் பஸ்தான் அதிகமாகத் தப்புக் காட்டுகிறது! சாமியே கும்பிடாத டிரைவரின் பஸ் சொல்லிவைத்த மாதிரி சரியாகக் காட்டுகிறது. கற்பூரப் புகை உள்ளே போகிறது என்று நான் நிரூபிக்கக் கிளம்பினேன். அமுதவல்லி நடுவில் வந்து, "சார், பூஜை போடறவங்க பாட்டரி சுவிட்சை அணைச்சிட்டு ரொம்ப நேரம் பூஜை போடறாங்க. பெட்டிக்குள்ள இருந்தது முழுசா அழிஞ்சு கன்னாபின்னான்னு ஆயிடுது. மத்தவங்க அணைச்ச கையோட போட்டுடறாங்க, நேத்து இருந்தது அப்படியே நிக்குது. நிக்கறது தற்செயலா சரியா இருக்குது, அவ்வளவுதான்" என்றார். தற்செயலாம்! தினமும் நடப்பதைத் தற்செயல் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

அட, இது என்ன, இவ்வளவு பெரிய அணை? அமராவதி அணை ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது? நான் இந்தப் பக்கம் அதிகம் வந்ததில்லை. நேற்று பொள்ளாச்சி ஸ்டாண்டு வரை வந்து திரும்பிவிட்டேன். இல்லை, இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம், அணையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

கேளுங்கள். கடைசியில் நான்தான் பிடித்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். போர்டு எரிந்தவுடன் மூன்று முறை 'நல்வரவு' என்று மின்ன வேண்டும். மின்னினால் அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். போட்டேன். மின்னியது. வியாதி போயே போய்விட்டது! அணைத்துப் போட்டாலும் சரி, கற்பூரம் காட்டினாலும் சரி, எல்லா பஸ்ஸும் சரியான ஊர். ஏன் என்று கேட்காதீர்கள். அமுதவல்லி கேட்டார். அந்த வரி உள்ளே போனதால் குப்பை கொஞ்சம் நகர்ந்து படுத்திருக்கிறது, நாளைக்கு வேறு பக்கம் புரண்டு படுக்கும் என்றார். குணமான நோயாளியிடம் போய் ஏன் குணமானாய் என்று யாராவது கேட்பார்களா?

ராக்கியண்ணனுக்கு மகா சந்தோஷம். "மரியாதை தெரிஞ்ச பஸ்ஸுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஆவணி வரை நன்றாகப் போனது.

அப்புறம் ஒரு சாவுக்கு உறவினர்களை ஏற்றிக்கொண்டு இவருடைய பஸ் ஒன்று வாடகைக்குப் போனது. பஸ் பிணத்துக்கு எதிரே போய் நின்றது. டிரைவர் மரியாதைக்காக எஞ்சினை அணைத்தார். ஒப்பாரி நடக்கும்போது, நிழலில் நிறுத்தலாம் என்று மறுபடியும் போட்டார். நல்வரவு. நல்வரவு. நல்வரவு. செத்தவரின் மூத்த மருமகன் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாராம்.

அந்த வரியை எடுத்தே ஆக வேண்டும் என்றார் ராக்கியண்ணன். எடுத்தேன். மறுநாளே பழனி பஸ்ஸில் நட்சத்திரமும் கட்டமும்.

இது என்ன பாதை, இப்படி வளைகிறது? குடலைப் புரட்டுகிறது. நெடுஞ்சாலைத் துறைக்குக் கையில் ஸ்கேல் கிடையாதா? வளைவுக்கு வளைவு நிற்கும் அந்தப் பலகையைப் பாருங்கள், '10/40' என்று எழுதியிருக்கிறார்கள். பத்தின் கீழ் நாற்பது! சுருக்கி நாலில் ஒன்று என்று எழுதக் கூடாதா? ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இப்படிப்பட்டவர்களிடம் ரோட்டைக் கொடுத்தால் ரோடு இப்படித்தான் போகும். எனக்குக் காது வேறு அடைக்கிறது. நீங்கள் இப்போது பேசினாலும் சரியாகக் கேட்காது.

அமுதவல்லியின் வைத்தியம் என்ன தெரியுமா? நான் துண்டு போட்ட அந்த வரியில் ஒரு சமக்குறி, ஒரு பூஜ்யம். அவ்வளவுதான். துண்டு போடும்போதே பூஜ்யத்தை உட்கார வைத்துவிட வேண்டுமாம். பூஜ்யம் என்றால் 'ஊர் இன்னும் சொல்லவில்லை' என்று அர்த்தமாம். அப்போது போர்டு எந்த ஊரும் காட்டாமல், பட்டனை அமுக்கச் சொல்லி மினுக்குமாம். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டுமே சார், தப்பா சொல்றதுக்கு" என்கிறார். யோசித்துப் பாருங்கள். ஓர் ஆடி, ஓர் ஆவணி முழுக்க நான் பாடுபட்ட விஷயத்துக்கு இரண்டே குறியீடா? ஒரு வியாதி பெரிதாக இருந்தால் மருந்தும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டாமா? 'தெரியவில்லை' என்று சொல்வதற்கா ஒருவர் போர்டு வாங்குகிறார்? எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட நான் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது.

என் வைத்தியம் வேறு. நல்வரவு வரி திரும்பவும் இருக்கும், ஆனால் எழுத்து இருக்காது. மூன்று முறை வெறும் இருட்டை மின்ன வைக்கும். சாவு வீட்டில் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. எப்படி? நேற்று சாயங்காலம் பொள்ளாச்சி ஸ்டாண்டில் உடுமலை போக நின்ற ஒரு பஸ்ஸில் நானே ஏறி அதைப் போட்டேன். அந்தக் கண்டக்டரிடம் கண்டிப்பாகச் சொன்னேன், இனிமேல் பட்டனைத் தொடாதீர்கள், நாளைக்கு வரும் கண்டக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அதற்கே எல்லாம் தெரியும் என்று. இந்தப் பஸ்தான் அது! நம்பரைப் பார்த்தவுடன் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு பஸ், கூட்டமில்லாமல் நின்றது. இருந்தாலும் இதில்தான் ஏறினேன். ராத்திரி முழுக்க அணைத்து வைத்திருந்தும் காலையில் என்ன அழகாக 'உடுமலை' என்று வந்து நிற்கிறது, பார்த்தீர்களா. ராக்கியண்ணன் ஷெட்டில் இந்தப் பஸ்ஸிலிருந்தே இறங்கி, இதையே காட்டப்போகிறேன். பேச்சே தேவையில்லை.

குளிர்கிறதே. ஜன்னலுக்கு வெளியே என்ன, குரங்கா? பெரிய குடும்பமாக இருக்கிறது.

ஒரு நிமிஷம், போன். இத்தனை நேரம் சிக்னலே இல்லாமல் இருந்தது.

ஐயா, வணக்கம். சிற்றம்பலம்தான் பேசுகிறேன். வந்துகொண்டே இருக்கிறேன் ஐயா, நம் போர்டு வைத்த பஸ்ஸில்தான். யார்? எப்போது? எல்லா பஸ்ஸிலுமா? ஓ. சாப்பாடு ஆயிற்றா அவர்களுக்கு? சரி. சரி ஐயா. பார்த்தால் சொல்கிறேன்.

அமுதவல்லி போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஷெட்டில் நின்ற பஸ்களுக்கெல்லாம் அந்தப் பூஜ்யத்தைப் போட்டு, ஒவ்வொன்றையும் ராக்கியண்ணன் எதிரிலேயே அணைத்து அணைத்து எரிய வைத்தாராம். "இது நல்லாருக்குதுங்க, தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லிப்போடுது" என்று ராக்கியண்ணன் சொன்னாராம். பெயிண்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஆர்டர் தப்பியது. நல்ல விஷயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு இலை போட்டுச் சாப்பாடு நடக்கிறதாம்.

ஒரே ஒரு பஸ்தான் பாக்கியாம். நேற்று உடுமலை ஓடிய பஸ், இன்று காலையில் ரூட் மாற்றி வால்பாறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது போர்டில் உடுமலை என்று காட்டிக்கொண்டே மலை ஏறுகிறதாம். ஆழியாறிலிருந்து ஆட்கள் போன் பண்ணிச் சிரிக்கிறார்களாம். எங்கேயாவது அந்தப் பஸ்ஸைப் பார்த்தால் கண்டக்டரிடம் சொல்லச் சொல்கிறார் ஐயா. நான் எப்படிப் பார்ப்பேன்? அது ஒரு திசை, நான் ஒரு திசை.

நீங்கள் ஏறியதிலிருந்து என்னவோ சொல்ல வருகிறீர்கள். இப்போது சொல்லுங்கள், கேட்கிறேன்.

இதை ஏறும்போதே சொல்வதற்கென்ன?

திரும்பி வரும் பஸ் எப்போது? சரி. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், அந்த ஜன்னலைச் சாத்திவிடலாம். இல்லையம்மா, எலுமிச்சம்பழம் வேண்டாம். சரி, கொடுங்கள்.

மறுபடியும் போன். பேச்சு இல்லை, ஒரு போட்டோதான் வந்திருக்கிறது. ஆபீஸிலிருந்து சென்னியப்பன் ஐயா அனுப்பியிருக்கிறார். என் துண்டு. நாலாக மடித்து என் பழைய மேஜை மேல் வைத்திருக்கிறார்கள்.